காலண்டருக்குப் பின்னால்

சமையலறைச் சுவரில் ஒரு தாய்ப்பல்லியும் அதன் குட்டியும் இருந்தன.

"வாலைப் பத்திரமா பாத்துக்கோடா. நம்ம குடும்பத்துல யாருமே வாலைப் பறிகொடுத்ததில்ல" என்று தாய் தினமும் சொல்லும். சொல்லும்போது காலண்டருக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டியிருக்கும்.

அன்று மத்தியானம் குட்டி ஒரு ஈயைத் துரத்திக்கொண்டு அடுப்பு மேடையில் இறங்கியது. மேடையில் படுத்திருந்த பூனை அதன் வாலை அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

"வாலை விட்டுட்டு ஓடுடா!" என்று தாய் கத்தியது.

"மாட்டேம்மா. நம்ம குடும்பத்துல யாருமே..."

"ஐயோ, விடுடா!"

"அப்புறம் உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பூனை வாயைத் திறந்தது. தாய் காலண்டரை விட்டு ஓடிவந்து வெறுஞ்சுவரில் முதுகைக் காட்டி நின்றது. அதன் வால் குட்டையாக, மொழுக்கென்று, உடம்போடு ஒட்டாத நிறத்தில் இருந்தது.

"பாருடா! நானும் விட்டவதான்! இது அப்புறமா முளைச்சது!"

மறுநொடி மேடையில் வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பூனை அதையே உற்றுப் பார்த்தது.

குட்டி சுவரேறிக் காலண்டருக்குப் பின்னால் புகுந்தது. மொட்டையான பின்பக்கத்தை உள்ளே மறைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டியது.

"இத்தனை நாள் நீ இங்க நின்னது இதுக்குத்தானாம்மா?"