ஃபிரேம் போட்ட கல்யாணம்

"என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொல்ல நீ யாருய்யா?"

ஃபிரேம் கடைக்காரர் போட்ட சத்தத்தில் திருமணப் பதிவு அலுவலகமே திரும்பிப் பார்த்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா மட்டும் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சொல்லலை சார், கம்ப்யூட்டர் சொல்லுது. உங்க பொண்ணு பேர்ல எந்தக் கல்யாணமும் பதிவாகலை."

"அப்போ இது என்ன?"

துணியில் சுற்றிய ஒரு ஃபிரேமை எடுத்து ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார் கடைக்காரர். தங்க நிற விளிம்பு. உள்ளே பளபளவென்று லேமினேஷன். அவருடைய பிழைப்பே அதுதான். போட்டோவுக்கு ஃபிரேம், காகிதத்துக்கு லேமினேஷன். கையில் கிடைத்த எதையும் விட மாட்டார். மகளின் மதிப்பெண் பட்டியல், கடை உரிமம், என்றோ கட்டிய மின்சார ரசீது என்று அவர் வீட்டில் இருக்கும் எந்தக் காகிதமும் நனையாது, கிழியாது.

"உங்க ஆபீசரே மண்டபத்துக்கு வந்து, ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கி, எங்க கையில கொடுத்துட்டுப் போன பேப்பர். முந்நூறு பேர் வந்து சாப்பிட்டு, வாழ்த்திட்டுப் போனாங்க. அத்தனை பேரும் கனவா கண்டாங்க?"

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச காலமாகவே அவள் அதிகம் பேசுவதில்லை.

குமாஸ்தா ஃபிரேமைத் தூக்கிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"சார், இது சர்டிபிகேட்டே இல்லை. அதுக்கு முந்தின பேப்பர். முன்னெல்லாம் பெரிய ரிஜிஸ்டர்ல எழுதி, அன்னைக்கே சர்டிபிகேட்டைக் கையில கொடுத்துடுவோம். இப்போ சட்டம் மாறிடுச்சு. கையெழுத்துப் போட்ட இந்தப் பேப்பரை நீங்க திரும்ப இங்க கொண்டுவந்து கொடுக்கணும். நாங்க இதுல சீல் வச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்தினாத்தான் அது சட்டப்படி கல்யாணம். மண்டபத்துல தாலி கட்டினது மட்டும் இனிமே செல்லாது."

"இதை எங்களுக்கு எவன் சொன்னான்?"

"பின்பக்கத்துல அச்சடிச்சிருக்கே."

கடைக்காரர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் அவரே அடித்த அட்டையும் ஆணியும்தான் இருந்தன.

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஊர் உலகத்துக்கே பொதுவான ஒரு வழக்கத்தை மாற்றுகிறவர்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? எறும்பு மாதிரி எழுத்தில் பின்பக்கம் அச்சடித்துவிட்டால் கடமை முடிந்ததா?

"சரி, இப்போ கொடுத்துட்டேன். வை சீலை!"

"தாமதக் கட்டணம் கட்டினா வாங்கிக்கலாம்தான். ஆனா இதைப் பாருங்க."

குமாஸ்தா ஃபிரேமைக் கழற்றினார். முத்திரையை மையில் ஒற்றி, பிளாஸ்டிக் மேல் ஓங்கிக் குத்தினார். பிறகு கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். ஊதா நிறத் தீற்றல்தான் மிச்சம்.

"ஒட்டலை சார்."

"பிரிச்சுக் கொடுக்கறேன்."

"பிரிச்சா கையெழுத்தும் சேர்ந்து உரிஞ்சு வந்துடுமே?"

அது கடைக்காரருக்குத் தெரியாதா? எங்க லேமினேஷன் உயிரே போனாலும் பிரியாது என்று கடையில் நாள் தவறாமல் பெருமையடிப்பவர் அவர்தான்.

"யோவ், அந்த சர்டிபிகேட் இல்லாம என் பொண்ணு வாழ்க்கை ஒரு அடி நகராதுய்யா!" அவர் கைகூப்பினார். "பெத்தவன் கெஞ்சறேன். ஏதாவது பண்ணு."

குமாஸ்தாவும் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒரே வழிதான் இருக்கு. பொண்ணும் மாப்பிள்ளையும் இங்க வந்து, சம்மதம்னு எங்க முன்னாடி சொல்லி, புதுப் பேப்பர்ல கையெழுத்துப் போடணும். மாப்பிள்ளை எங்கே?"

"மாப்பிள்ளையாவது, வர்றதாவது!"

"அப்போ நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஒருத்தர் இல்லைன்னாலும் பதிவு கிடையாது."

பெஞ்சிலிருந்து மகள் எழுந்து வந்தாள்.

"சார், அவரே வந்தாலும், நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னா?"

"யார் மாட்டேன்னு சொன்னாலும் அதே கதைதான்மா. சட்டப்படி நீங்க இன்னும் கல்யாணம் ஆகாதவங்க."

"அதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"பதிவு இல்லைன்னு சான்றுதானே? கேட்டா இன்னைக்கே கொடுத்துடுவேன்."

"அதை வாங்கி என்னம்மா பண்றது?" கடைக்காரர் மறுபடி கொதித்தார். "விட மாட்டேன். கோர்ட்டுக்குப் போறேன். இந்தக் கல்யாணம் நடந்ததுதான்னு நிரூபிச்சுக் காட்டறேன்!"

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"கோர்ட்டே வேண்டாம்பா. கல்யாண சர்டிபிகேட் இல்லாம விவாகரத்து கேஸ் போட முடியாதுன்னு சொன்ன வக்கீலுக்கு போன் பண்ணி, கேஸே தேவையில்லைன்னு சொல்லிடுங்க. என்னை அடிச்சுத் துரத்திட்டு, விவாகரத்தும் தராம, செத்தாலும் உன்னை விட மாட்டேன்னு சொன்ன அந்த ஆள் இனி எதைப் பிடிச்சுத் தொங்குவான்?"

ஊதா மை படிந்த அந்தக் காகிதத்தை அவள் பத்திரமாகத் துணியில் சுற்றினாள்.

"நீங்க எனக்குப் பண்ணிவச்ச கல்யாணத்துலயே உருப்படியான வேலை இந்த லேமினேஷன்தாம்பா."