கொல்லையில் ஒரு குரல்

"அக்கா, இவருக்கு வேற எவளோ இருக்கா."

போனில் தங்கை சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள். "அந்த மூஞ்சிக்கா?"

"சிரிக்காதே. குளிங்கன்னு கெஞ்சணும் இந்த மனுஷனை. இப்ப ஏரியில படகு ஓட்டிட்டு வந்ததும் வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு, கொல்லைக் குளியலறைக்கு ஓடறார். சட்டையை அவரே துவைக்கிறார். அப்புறம் உள்ளே வந்து, 'இந்தச் சனியனை எங்கயாவது விட்டுட்டு வா'ன்னு என் பூனையைப் பிடிச்சுத் திட்டறார்."

அக்காவுக்குச் சிரிப்பு நின்றது. புருஷன் தானாகச் சட்டை துவைக்கிறான் என்றால் விஷயம் பெரிதுதான்.

மறுநாள் இருவரும் முக்காடு போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கொசு பிய்த்து எடுத்தது. படகுக்காரரோ படகில் கிடந்த வாத்து எச்சத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். எந்தப் பெண்ணும் வரவில்லை. வாத்துகளில் எது பெண் என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும்போதும் பின்தொடர்ந்தார்கள். அவர் எங்கும் நிற்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார்.

தங்கை குளியலறைக் கதவில் காதை வைத்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் குழைந்தது.

"கிட்ட வராதேடி கண்ணு. குளிச்சிட்டுத் தூக்கிக்கறேன்."

தங்கை அக்காவைப் பார்த்துக் கதவைக் காட்டினாள். அக்கா தோளால் ஒரு இடி இடித்தாள். தாழ்ப்பாள் தெறித்தது.

உள்ளே துண்டும் நுரையுமாக அவர். ஜன்னல் கட்டையில் பூனை.

அவர் அசடு வழிந்தார். "மாட்டு டாக்டர் சொன்னாரு. ஏரிக்கு வர்ற காட்டு வாத்துங்ககிட்ட பறவைக் காய்ச்சல் இருக்கலாமாம். அதுங்க பாட்டுக்கு ஜம்முனு நீந்திட்டிருக்குமாம். பூனைக்குத் தொத்திக்கிட்டா பிழைக்கிறதே கஷ்டமாம். அதுங்க எச்சம் செருப்புல, சட்டையில ஒட்டிட்டு வந்துடுமேன்னுதான்..."

"அப்ப தினமும் திட்டினது?"

"நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கறே. ஒருத்தராவது கண்டிக்க வேணாமா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கைக்கு நிம்மதியில் அழுகையே வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாள் கண்ணுன்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

அவர் முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் தங்கை துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"கிட்ட வராதேடி கண்ணு. இன்னும் குளிக்கலை" என்றது உள்ளிருந்து குரல்.

பூனை வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.