சாட்டிலைட் நேரம்

இந்த அண்டத்தில் நேரம் தவறாதவர்கள் இருவர். ஒருவர் சூரியன், இன்னொருவர், திண்டிவனம் பக்கத்துத் துணைமின் நிலையத்தின் செயற்பொறியாளர் கோகுலகிருஷ்ணன். அன்று வெள்ளிக்கிழமை. எதிரே நின்ற உதவிப் பொறியாளர் பானுப்ரியாவின் பதவி உயர்வைப் பறிக்கும் மெமோவை மேசைமேல் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடியக் காத்திருந்தார்.

“விழுப்புரம் லைன் ட்ரிப் ஆச்சு. கோளாறு வந்தா லைன வெட்டி விடுற நாலு ரிலேவும் நாலு நேரம் காட்டுது. எது முதல்ல விழுந்துச்சுன்னே தெரியல. நேரத்த ஒண்ணா வைக்கிறது உன் வேலைதானம்மா?”

“ஜிபிஎஸ் கடிகாரம் அந்த நாலு ரிலேவுக்குத்தான் சிக்னல் தாங்கும் சார். யாரோ கூட ஒண்ண மாட்டியிருக்காங்க. லோடு தாங்காம சிக்னல் படுத்துடுச்சு. இப்ப எல்லாம் அதது இஷ்டத்துக்கு ஓடிக்கினு இருக்குது. சூசைமுத்து அந்த வயரைத்தான் தேடிக்கினு இருக்காரு.”

“சாக்கு சொல்லாத.”

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியது. கையெழுத்துப் போட்டார்.

அப்போது லைன்மேன் சூசைமுத்து, ஒரு வயரைத் தடவிக்கொண்டே அறைக்குள் வந்தார். வயர் சுவரேறி, அந்தக் கடிகாரத்தின் முதுகில் முடிந்தது.

“ராகு காலம் கரெக்டா தெரியணும், சாட்டிலைட் நேரம் வேணும்னு நீங்கதான சார் பொங்கலப்போ இழுக்கச் சொன்னீங்க?”

கோகுலகிருஷ்ணன் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்ப இதுவும் அது இஷ்டத்துக்குத்தான் ஓடுது சார்,” என்று பானுப்ரியா தன் போனைக் காட்டினாள். மணி பதினொன்று ஐம்பது.

அவர் மெமோவைக் கிழித்துப் போட்டார். வயருக்காக அல்ல. கையெழுத்து விழுந்தது ராகு காலத்தில்.