ரோஜாப்பூ உறை

மொட்டைமாடியில் மண்டியிட்டு, தலை குனிந்து, ஈரஜ் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் தொழுகை என்றுதான் நினைப்பார்கள். வாயில் வந்ததெல்லாம் வசவு.

காஷான் வெயில் மண்டையைப் பிளந்தது. மின்சாரம் போயிருக்கும் நேரத்தில்தான் பயமில்லாமல் கூலருக்குள் கைவிட முடியும். அது போவதோ நட்டநடு மதியத்தில்.

மாடியில் இரண்டு கூலர்கள் நின்றன, ஒன்று அவருடையது, மற்றது மேல்வீட்டுக்காரருடையது. ஒரே வயது, ஒரே துரு, அக்கா தங்கை மாதிரி. நல்லவேளை, மனைவி தூபா பழைய படுக்கை விரிப்பை வெட்டித் தங்கள் கூலருக்கு அடையாளமாக ரோஜாப்பூ உறை தைத்துக் கொடுத்திருந்தாள். போன வாரத் தூசிப்புயலில் இரண்டு கூலர்களின் உறைகளும் தெருவுக்குப் பறந்துபோக, காவலாளிதான் தேடி எடுத்து வந்து மாட்டியிருந்தான், புண்ணியவான்.

ரோஜாப்பூ உறையைக் கழற்றி, உப்புப் பூத்துக் கல்லாகியிருந்த வைக்கோல் தட்டிகளைப் பிய்த்தெறிந்து புதுத் தட்டிகளைப் பொருத்தினார். குழாய் அடைப்பை எடுத்து, மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகாதபடி பார்த்துப் பார்த்து முடுக்கினார்.

அந்த ஒழுகல்தானே குடியைக் கெடுத்தது! நாலு வருடம் முன்பு அவர் கூலர் ஒழுகி, மேல்வீட்டு ஹூஷங் கானின் கூரை ஊறி, புதுக் கம்பளம் பாழாய்ப் போனது. வார்த்தை தடித்துவிட்டது. அன்றிலிருந்து படிக்கட்டில் எதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்த்தபடி நடப்பார்கள்.

சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தேறும் என்ற நிலையில் ஈரஜ் இறங்கி வந்தார். கதவருகே தூபா முந்தானையைப் பிழிவதுபோல் முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, மாப்பிள்ளைப் பையனோட அத்தை நம்மளப் பத்தி விசாரிக்க வராங்களாம். இன்னிக்கே! இப்பவே!"

"விசாரிக்கட்டுமே. ரொட்டிக் கடைக்காரன் நல்லபடியாத்தான் சொல்லுவான்."

"ரொட்டிக் கடைக்கா போறாங்க? நேரா ஹூஷங் கான் வீட்டுக்கு! பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்னு சொன்னாங்களாம்."

மகள் லாலேவுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. நேற்று பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தாள், பாவம்.

மின்சாரம் வந்தது. மாடியில் ஏதோ கடகடவென்று சுற்றத் தொடங்கியது. தூபா சுவரிலிருந்த கூலர் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"போடாதே! அந்தச் சத்தத்துல மேல பேசறது ஒண்ணும் கேக்காது."

"வெந்து போறோமேங்க!"

"பொண்ணு வாழ்க்கைடி. கொஞ்ச நேரம் வேகு."

படியில் காலடி கேட்டது. இருவரும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து காதை வைத்தார்கள். மேலே கதவு திறந்தது, நலம் விசாரிப்பு ஒரு பாட்டம் நடந்தது. பிறகு ஹூஷங் கானின் குரல் கணீரென்று கேட்டது.

"ஈரஜா? அந்த மனுஷனப் பத்தி என்கிட்டயா கேக்கறீங்க? நாலு வருஷமா எங்களுக்குள்ள பேச்சே கிடையாது!"

கதவு சாத்திக்கொண்டது.

"போச்சு," என்று தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள் தூபா. "ஒரு கம்பளம் என் பொண்ணு வாழ்க்கையச் சுருட்டிட்டுப் போயிடுச்சு."

ஈரஜ் கதவைச் சாத்தினார். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று தன்னையே நொந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. பையனின் அத்தை நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வெள்ளிக்கிழமை பூவோட வரோம், தூபா கானம். மேல்வீட்டுக்காரர் உங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. வீடு வேற குளுகுளுன்னு இருந்துச்சா, எந்திரிச்சு வரவே மனசில்ல."

அவள் போய் மறைவதற்குள் ஹூஷங் கானே இறங்கி வந்துவிட்டார். கக்கத்தில் பெரிய தர்ப்பூசணி. அதைத் தூபாவிடம் கொடுத்துவிட்டு ஈரஜை இறுகக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"மொட்டைமாடிப் படியில நின்னு பாத்தேன், ஈரஜ் கான். எல்லாத்தையும் பாத்தேன். நான் ஒரு மடையன், இத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிட்டு... நீங்க மனுஷனே இல்ல, அதுக்கும் மேல!"

எதற்கு இத்தனை பாராட்டு என்று ஈரஜுக்கு விளங்கவில்லை. ஆனால் நன்றி என்று ஒருவர் வந்து நின்றால், எதற்கு என்று கேட்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. வாய் தானாகவே பேசியது.

"ஐயய்யோ, இதெல்லாம் ஒரு விஷயமா? என் கடமை! வருஷா வருஷம் செய்யக் காத்திருக்கேன்."

"வருஷா வருஷமா!" ஹூஷங் கான் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியேறினார்.

ஈரஜ் கதவைச் சாத்திவிட்டு, கூலர் காற்று வரும் துளைக்கு நேரே நாற்காலியைப் போட்டு, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, கைகளை விரித்து உட்கார்ந்தார். "இப்பப் போடு, தூபா. ஜில்லுனு வரட்டும்!"

தூபா சுவிட்சைத் தட்டினாள். மேலே எதுவோ முனகியது. துளையிலிருந்து ஒரு கை தூசியும், அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல் அனல்காற்றும் ஈரஜின் முகத்தில் அடித்தன.

தூபா கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தர்ப்பூசணியைப் பார்த்தாள். கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க... யாரு கூலருக்குங்க வைக்கோல் மாத்துனீங்க?"