சேதுபதி எழுதிய சீட்டு

"இதை நம்பலாமா, சேதுபதி? ஒரே வார்த்தையில சொல்லுங்கோ," என்றார் மேலாளர் ஸ்ரீனிவாசன்.

அவருடைய மேசையில், உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல்களுக்கு நடுவே, புதுத் தோட்டாக்கள் நிரப்பிய, உள்ளங்கைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கி ஒன்று கிடந்தது. மலிவுச் சரக்கு. வாங்கியவர் விலையைச் சொல்லவில்லை. பிடியில் உரிந்திருந்த பூச்சு சொல்லிற்று.

பதினெட்டு ஆண்டுகள் பட்டாளத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்த்தவர் சேதுபதி. ஓய்வு பெற்றபின் குவைத்தில் ஒரு லாரிக் கம்பெனிக்கு மெக்கானிக்காக வந்தார். பட்டாளத்துப் பழக்கம் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. பிரேக்கோ டயரோ, தாம் சோதித்துத் தேறிய பொருளில் கையெழுத்திட்ட சீட்டொன்றை நூலால் கட்டிவிடுவார். அதைப் பார்த்த பிறகே மங்காஃப் ஊரிலிருந்த கம்பெனி கேம்ப்பின் ஓட்டுநர்கள் சாவியைத் திருப்புவார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. தன்னந்தனியாகப் பாலைவனத்துக்குப் போய், மேலாளர் கொடுத்திருந்த எட்டுத் தோட்டாக்களையும் போட்டு அவர் அதைச் சுட்டுப் பார்த்தார். இரண்டு வெடித்தன. மற்ற ஆறிலும் 'டிக்' என்ற ஓசை மட்டுமே எழுந்தது. குறை தோட்டாவில் இல்லை; உயிருக்கு அஞ்சி எடுப்பவனை நட்டாற்றில் கைவிடும் துப்பாக்கி அது. தோட்டாக்களோடு பிடிபட்டால் சிறை என்பதால், அவற்றை மணலில் புதைத்துவிட்டு, மேலாளருடைய துப்பாக்கியை மட்டும் ஒளித்து எடுத்துவந்தார்.

ஆனால், இது யாருடைய உயிரைக் காக்க?

செவ்வாய்க்கிழமை கேம்ப்பில் பதினொரு ஓட்டுநர்கள், ஈராக்குக்குச் சரக்கேற்றிப் போக மாட்டோம் என்று ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் கோடை அது. எல்லைக்கு அப்பால் முகமூடிக்காரர்கள் ஓட்டுநர்களைக் கடத்திப் போவதை நாள்தோறும் டிவியில் பார்த்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? "எப்படிப் போகாம இருக்கேள்னு நானும் பார்க்கறேன்," என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார் ஸ்ரீனிவாசன். வியாழக்கிழமை அவருடைய பையில் துப்பாக்கி முளைத்தது.

"தற்காப்புக்குத்தான்," என்றார் இப்போது.

"மங்காஃப்ல பூனையை விட்டா உங்களுக்கு யாரு சார் எதிரி?"

ஸ்ரீனிவாசன் சிரிக்கவில்லை. அவருடைய பார்வை மூலையிலிருந்த இரும்பு அலமாரிக்குப் போய்த் திரும்பியது. அத்தனை ஓட்டுநர்களின் பாஸ்போர்ட்டுகளும் அதற்குள்தான் பூட்டிக் கிடந்தன.

சேதுபதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் இதைவிட நல்லதொன்றை வாங்கிவிடுவார். பொய் சொன்னால் இதையே ஓட்டுநர்களிடம் நீட்டுவார். நீட்டினாலும் பெரும்பாலும் வெடிக்காது.

"நம்பலாம் சார்."

"எழுதிக் குடுங்கோ."

அது அவரை உறுத்தியது. மிரட்டப் போகிறவருக்குச் சீட்டு எதற்கு? உறுத்தியும், வாழ்நாளில் முதன்முறையாக அவருடைய கை பொய் எழுதியது. 'சோதித்தேன். நம்பலாம். – சேதுபதி.' விசையைச் சுற்றிய வளையத்தில் நூலைக் கோத்துச் சீட்டைக் கட்டினார்.

ஸ்ரீனிவாசன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு சன்னலைத் திறந்து கைதட்டினார்.

உள்ளே வந்தவன் மணிமாறன். சேதுபதியின் அறையில் மேல்கட்டிலில் படுப்பவன். போக மாட்டோம் என்று அன்றைக்கு முதல் குரல் கொடுத்தவனும் அவன்தான். ஊரில் அவன் மனைவி உமாராணிக்கு இது ஒன்பதாம் மாதம்.

"ஒரே ஒரு நடைதாண்ணே. போயிட்டு வந்தா பாஸ்போர்ட்டும் லீவும் தர்றேன்னுட்டார். துப்பாக்கி இல்லாம எல்லை தாண்ட மாட்டேன், அதையும் எங்க அண்ணன் பாத்து எழுதிக் குடுத்தாத்தான் தொடுவேன்னு நாந்தான் சொன்னேன்."

"வெளியில தெரிஞ்சா மத்த பத்துப் பேரும் ஆளுக்கொண்ணு கேட்பா," என்றார் ஸ்ரீனிவாசன். "அதான் உங்ககிட்டகூட மூச்சு விடலை."

சேதுபதி மணிமாறன் பக்கம் திரும்பினார்.

"மாறா, அது வெடிக்காதுடா. பொய்யா எழுதிப்புட்டேன்."

மணிமாறன் சிரித்தான். "நான் போகக் கூடாதுன்னு இப்பத்தாண்ணே பொய் சொல்றீங்க. உங்களுக்குச் சொல்லவே வரலை, பாருங்க."

"இந்தா, இப்பவே சுட்டுக் காட்டுறேன்."

பாய்ந்து நீட்டிய கையை ஸ்ரீனிவாசன் பிடித்துக்கொண்டார். "பைத்தியமா உமக்கு? சுவருக்கு அந்தப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன். மூணு பேரும் உள்ளே போகணுமா?" பிடியைத் தளர்த்தாமலே, சேதுபதியை அவர் ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நேரம் சேதுபதி அவரைப் பார்த்த அதே சந்தேகப் பார்வை.

வெளியே, எல்லைக்குச் சேர்ந்து போகக் காத்திருந்த வேறு கம்பெனி லாரிகள் ஹாரன் அடித்தன.

"உமா பேர்ல சத்தியமா, மாறா..."

"அவ பேரை இழுக்காதீங்கண்ணே," என்றான் மணிமாறன், சிரிப்பு மாறி.

துப்பாக்கியை இடுப்பில் செருகினான். சீட்டை மட்டும் நூலோடு அவிழ்த்து, திருநீற்றுப் பொட்டலத்துடன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

லாரியில் ஏறியதும், வழக்கம்போலக் குனிந்து, பிரேக் மிதியில் சேதுபதியின் சீட்டு கட்டியிருக்கிறதா என்று பார்த்தான்.

இருந்தது.

சாவியைத் திருப்பினான்.