கோட்டோரம் ஒரு கோச்

இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப்போன கல்மண்டபம் கால்பந்து கிளப்புக்குப் புதுக் கோச்சாக வந்தார் டெல்லஸ். வந்ததும், "கீப்பருக்கு முட்டி வீங்கியிருக்கு, அவனை எறக்காதீங்க" என்றார்.

செயலாளர் குணாளன் சிரித்தார். "டீம் போடுறது ஏஐ மெஷின் சார். நீங்க கோட்டோரம் நின்னு கத்துனா போதும்."

கிளப்பை இரண்டாம் டிவிஷனுக்குக் கவிழ்த்த அதே மகா மேதாவி மெஷின்தான்.

முதல் மேட்சில் டெல்லஸ் கத்தினார். ஆட்டக்காரர்களின் காதில் மாட்டியிருந்த இயர்போனில் மெஷின் மட்டுமே பேசியது. நொண்டிய கீப்பர் ஐந்து கோல் விட்டான். கூட்டம் டெல்லஸின் அம்மாவை இழுத்துத் திட்டியது. மெஷினுக்கு அம்மா இல்லாததால் அது தப்பித்தது.

மறுநாள் குணாளன் மெஷினுக்குக் கற்பூரம் சுற்றிக்கொண்டிருந்தார். "நாளையிலேருந்து வராதீங்க சார்."

"திருஷ்டி கழிக்கிறீங்களா? பூசணிக்கா எங்க?"

"அதான் உங்களப் போட்டு ஒடச்சாச்சே."