வருகை எண்ணிக்கை

லைனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்தக் கம்பெனிப் பெண் போய்விட்டாள். காதில் வீணை ஓடிக்கொண்டிருந்தது. பில் தகராறுக்கு ஃபோன் செய்கிறவனுக்கு வீணை போட்டுவிடலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ.

அவர் வாசலில் ஸ்கூட்டர் பக்கம் நின்றிருந்தார். உள்ளே நின்று பேசினால் மனைவி காதில் விழும்.

இணையதளத்துக்கு இடம் கொடுக்கும் இந்த ஹோஸ்டிங் கம்பெனியோடு பத்து நாளாக மல்லுக்கட்டு. அவருடைய தளத்தில் அளவுக்கு மேல் டேட்டா செலவாகிவிட்டதாம். போர்வெல் போடும் ரிக் வண்டிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவரிடம் இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை தளத்தை முடக்கிவிடுவார்களாம்.

தளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே பக்கம்.

மேலே, காணவில்லை. கீழே, ஃபோன் நம்பர். நடுவில் அவர்கள் மகன் பூபதி.

ஃபோட்டோ போதும், வீடியோ போட்டால் டேட்டாவைத் தின்றுவிடும் என்று தளம் செய்துகொடுத்தவன் அப்போதே சொன்னான். இவர்தான் கேட்கவில்லை. அவன் போய் மூன்று வருடமாயிற்று. தாடி வளர்ந்திருக்கும். இளைத்திருப்பான். நடை மட்டும் மாறாது. இடது காலை லேசாக இழுத்து நடப்பான். அதை ஃபோட்டோவில் எப்படிக் காட்டுவது?

சொந்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எடுத்த வீடியோ. ரச வாளியோடு வருவான். இலைக்கு இலை குனிவான். கேமராவைக் கண்டதும், என்னை எதற்கு எடுக்கிறீர்கள் என்பதுபோல் கரண்டியை ஆட்டிச் சிரிப்பான்.

அதோடு முடிந்துவிடும்.

வெகுநாள் அந்தப் பக்கத்தைச் சீந்துவாரில்லை. போன மாதம் திடீரென்று, அடியில் இருக்கும் வருகை எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. நூறுகளில் கிடந்தது ஆயிரங்களுக்குப் போயிற்று.

"இத்தன பேரு தேடறாங்க," என்றாள் மனைவி. "ஒருத்தருகூடவாங்க அவனப் பாத்திருக்க மாட்டாங்க?"

அன்றிலிருந்து வேளைக்குச் சாப்பிட்டாள். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள்.

ராத்திரிக்கு இரண்டு ஆழாக்கு போட்டுவந்தவள் மூன்று ஆழாக்கு அரிசி போட்டாள். மிஞ்சியதைக் காலையில் இருவரும் பழைய சோறாகக் கரைத்துக் குடித்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தின் பின்னாலேயே பில் வந்தது. கம்பெனியோடு பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவைத்தார்.

புகார் எழுத வேண்டும். தன் தளத்துக்கு இத்தனை பேர் வர வழியே இல்லை என்று அவரே வாதாட வேண்டும். அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தார். எழுதி எழுதி அழித்தார். கடைசியில் ஒரு வரி நின்றது.

எங்கள் மகனை எங்களைத் தவிர யாரும் தேடவில்லை.

அனுப்பிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டார். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததுபோல் வெட்கமாக இருந்தது.

வீணை நின்றது.

"நல்ல செய்தி சார். நீங்க எழுதினதுதான் கரெக்ட். அது மனுஷங்களே இல்ல. எல்லாம் மெஷின்."

அவர் ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். இரவு பகலாக ஊர் உலகத்துத் தளங்களையெல்லாம் மேய்ந்துகொண்டே இருக்குமாம். இருப்பதை அள்ளிக்கொண்டு போகும், பார்க்காது. அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரே ஒரு இணைப்பு. தினமும் பலமுறை அதே இடத்திலிருந்து அந்த வீடியோவைப் பார்க்கிறார்கள்.

அது அவர் வீட்டு இணைப்பு.

மெஷின்களைத் தடுக்க அவர் சம்மதித்தால் பில் முழுவதும் ரத்து. எண்ணிக்கையும் பழைய நிலைக்கு வந்துவிடும். சம்மதிக்காவிட்டால் கட்டத்தான் வேண்டும். அடுத்த மாதமும் இப்படியேதான் வரும்.

தடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார்.

ஜன்னல் வழியே பார்த்தார். மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அடியிலிருந்த எண்ணை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது.

"வேண்டாம்மா," என்றார். "அவங்க வந்துட்டுப் போகட்டும்."

எதிர்முனையில் ஒன்றும் புரியவில்லை. இரண்டு தடவை கேட்டாள். பில்லைக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

உள்ளே போனார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

தோற்றுவிட்டேன் என்றார். கட்டித்தான் ஆகவேண்டுமாம். அத்தனை பேரும் நிஜமாகவே வந்தவர்கள்தானாம்.

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அரிசி டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

ஒரு ஆழாக்கு விழுந்தது.

இன்னொன்று.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது ஆழாக்கை அவள் தலைதட்டாமல், கோபுரமாக அள்ளிப் போட்டாள்.